இலுப்பைத் தோப்பின் வெள்ளைக் காளான்

மழை விட்ட மறுநாள் காலையில் புல்வெளியில் கால் வைக்கும் முன் குனியுங்கள். டவுன்ஷிப்பின் தோட்டப் பிரிவில் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களுக்கு நான் சொல்ல நினைப்பதையெல்லாம் இந்த ஒரே வாக்கியத்தில் சொல்லிவிட்டு எழுந்து போய்விடலாம். ஆனால் மழையைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் எனக்கு நிறுத்தத் தெரியாது. முழங்கால் இரண்டும் சண்டித்தனம் செய்ததால் ஐம்பதைத் தொடும் முன்பே வேலையை விட்டு வந்தவன் நான். உடம்பு உட்கார்ந்துவிட்டது. மனசு இன்னும் சைக்கிளை விட்டு இறங்கவில்லை.

பதியம் போடவும் உரம் கலக்கவும் கற்றுத்தர உங்களுக்கு ஆட்கள் இருக்கிறார்கள். நான் சொல்ல வந்தது ஒரு காளானைப் பற்றி. அதைப் பிடுங்கியவளைப் பற்றியும்தான்.

அறுபதுகளின் தொடக்கம் என்று வைத்துக்கொள்ளுங்கள். இன்று நீங்கள் நிழலுக்குள்ளேயே சைக்கிள் ஓட்டிப் போகிற சாலைகளில் அன்று நிழல் கிடையாது. பிளாக்குகளுக்கு எண் இருந்தது, மரம் இல்லை. புதுக் குவார்ட்டர்ஸ்களின் வெள்ளைச் சுவரில் பட்டுத் திரும்பும் வெயில் கண்ணைக் குத்தும். தஞ்சாவூர்க் குடும்பத்துக்குப் பக்கத்தில் பாலக்காட்டுக் குடும்பம், அதற்கு அடுத்து மதுரை. சாயங்காலம் தெருவில் நடந்தால் ஒவ்வொரு வாசலிலும் ஒரு ஜில்லாவின் குழம்பு மணக்கும். தூரத்தில் சுரங்கத்து யந்திரங்கள் ஓயாமல் உறுமிக்கொண்டிருக்கும். சுரங்கத்துக்காரர்கள் ஊரளவு பள்ளம் தோண்டிக் கரி எடுத்தார்கள். நாங்கள் முழங்கை ஆழத்துக்குக் குழி தோண்டி அதில் ஒரு கன்றை நிறுத்திவிட்டு, இது எப்போது நிழல் தரும் என்று அண்ணாந்து பார்ப்போம். கன்று எங்கள் இடுப்பளவுகூட இருக்காது. இருந்தும் அண்ணாந்துதான் பார்ப்போம். அந்த வயது அப்படி.

ஒரு பிளாக்கின் கோடியில் மட்டும் பழைய மரங்கள் நின்றன. நிலம் எடுக்கும் முன் அங்கே ஒரு சிற்றூர் இருந்தது. வீடுகள் போய், வரப்புகள் போய், இலுப்பைத் தோப்பு மட்டும் எப்படியோ தப்பித்துக்கொண்டது. புல்டோசர் அந்த மரங்களைச் சுற்றிச் சுற்றி வந்து மேட்டையும் பள்ளத்தையும் ஒன்றாக்கியது. பிறகு நாங்கள் போனோம். லாரி லாரியாகச் செம்மண் கொட்டி, மக்கிய எருவைப் பரப்பி, புல்லைக் கிள்ளிக் கிள்ளி நட்டோம். தோப்பு பூங்கா ஆயிற்று.

அந்த வேலைக்குக் கான்ட்ராக்டில் வந்த பெண்களில் பலர் அந்தச் சிற்றூர்க்காரர்கள்தான். தங்கள் வீடு இருந்த இடத்தில் நின்று புல்லுக்குத் தண்ணீர் ஊற்றினார்கள். இதை நான் சோகமாகச் சொல்லவில்லை. அவர்களும் அப்படிச் சொன்னதில்லை. "ஏய், எங்க வூட்டு அடுப்புல தண்ணி ஊத்திகினு நிக்கிறியேடி, சோறு எப்பிடி வேவும்?" என்று ஒருத்தி கத்துவாள். தோப்பே சிரிக்கும்.

அவர்களில் அஞ்சலைக்கு நாற்பதுக்கு மேல் இருக்கும். உயரமான பெண். மண்வெட்டியைத் தோளில் போட்டு அவள் முன்னால் நடந்தால் மற்றவர்கள் பின்னால் நடப்பார்கள். அவள் கணவர் சுரங்கத்தில் கான்ட்ராக்ட் கூலி. டவுன்ஷிப் எல்லைக்கு வெளியே, நிலத்துக்கு மாற்றாக மனை கொடுத்த இடத்தில் ஊரே குடிபோயிருந்தது. மாற்றுமனை என்றே அந்த இடத்துக்குப் பெயர் நிலைத்துவிட்டது.

அந்த ஊருக்கு ஒரு வழக்கம் உண்டு. ஐப்பசியில் முதல் இடி இடித்த மறுநாள் கறையான் புற்றில் காளான் முளைக்கும். புற்று எந்த வீட்டுக் கொல்லையில் இருக்கிறதோ, அந்த வீட்டுப் பெண்தான் அதைப் பிடுங்க வேண்டும். பிடுங்கியதை விற்கக் கூடாது. தெருவில் இருக்கும் எல்லா வீட்டுக்கும் ஒரு பிடி பங்கு போக வேண்டும். சண்டைக்கார வீடாக இருந்தாலும் அனுப்பியாக வேண்டும். பங்கு கொடுக்கிறவளுக்கு அன்றைக்குத் தெருவில் ஒரு மரியாதை. அவள் கையிலிருந்து வந்ததை யாரும் திருப்பிப் போட்டுப் பார்க்க மாட்டார்கள். வாங்கி, கழுவி, சட்டியில் போடுவார்கள்.

அஞ்சலையின் கொல்லையில் அப்படி ஒரு பெரிய புற்று இருந்தது. அது தன் கொல்லையில்தான் இருந்தது என்பது அவள் கட்சி. தங்கள் பக்கத்தில்தான் இருந்தது என்பது அவளுடைய கொழுந்தன் மனைவி பூங்காவனத்தின் கட்சி. அண்ணன் தம்பி பாகம் பிரித்தபோது எல்லை அந்தப் புற்றின் நடுவில் ஏறி இறங்கிப் போயிருக்கிறது. நிலம் போயிற்று, எல்லை போயிற்று, புற்றும் போயிற்று. சண்டை மட்டும் மாற்றுமனைக்குக் கூடவே குடிவந்தது. இரண்டு பெண்களும் வருஷக்கணக்காகப் பேசிக்கொள்வதில்லை.

புல் நட்ட பிறகு வந்த முதல் ஐப்பசியில்தான் இது நடந்தது. ராத்திரி முழுக்க இடி. காலையில் நான் தோப்புக்குப் போனபோது மூன்றாவது இலுப்பைக்குக் கிழக்கே ஈரப் புல்லில் வெள்ளை வெள்ளையாக முட்டைகள் சிதறிக் கிடப்பது போல இருந்தது. பெண்கள் எல்லோரும் எட்டி நின்றார்கள். அஞ்சலை மட்டும் முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு உட்கார்ந்து பிடுங்கிக்கொண்டிருந்தாள். அவள் முகத்தை அதற்கு முன் நான் அப்படிப் பார்த்ததில்லை. தன் வீட்டுக்குள் நடமாடுகிறவளின் முகம் அது. மேஸ்திரியும் இல்லை, சூப்பர்வைசரும் இல்லை, டவுன்ஷிப்பே இல்லை அவளுக்கு.

"வந்திடுச்சி சாரு. எங்க புத்து எங்கள மறக்கல" என்றாள்.

பூவரச இலையில் பங்கு பிரித்தாள். தெருவில் ஒரு வீட்டை விடாமல் பெயர் சொல்லிச் சொல்லி வைத்தாள். பூங்காவனத்துக்கு வைத்த பங்கு மற்றவற்றைவிடக் கொஞ்சம் பெரிதாகவே இருந்தது. அது அன்பினால் அல்ல என்று அங்கிருந்த எல்லோருக்கும் தெரியும். கடைசியில் எனக்கும் ஒரு பொட்டலம் வந்தது.

"இந்தாங்க சாரு, ஒங்க பங்கு. வேணாம்னு சொல்லப்படாது."

வாங்கிப் பிரித்தேன். நான் செங்கோட்டைப் பக்கத்துக்காரன். புற்றுக்காளான் எங்கள் ஊரிலும் உண்டு. அதன் குடை நடுவில் மூக்கு மாதிரி ஒரு கூர் இருக்கும். புற்றின் கெட்டி மண்ணைத் துளைத்துக்கொண்டு அது வெளியே வர வேண்டுமே, அதற்காக. பிடுங்கினால் தண்டோடு முடியாது. வேர் மாதிரி நீளமாக ஒரு வால், கறையான் கூடு வரைக்கும் உள்ளே போகும். பொறுமையாக உருவினால் முழம் நீளத்துக்குக்கூட வரும். சின்ன வயதில் யாருடைய வால் நீளம் என்று பந்தயம் கட்டியிருக்கிறோம்.

என் கையில் இருந்ததில் மூக்கு இல்லை. உச்சி உருண்டையாக இருந்தது. அதன்மேல் பழுப்பு நிறத்தில் செதில் செதிலாக, அப்பளம் உடைந்து ஒட்டிக்கொண்டது போல. தண்டில் மோதிரம் மாதிரி ஒரு வளையம். அடியில் வாலே இல்லை, பூண்டு போலப் புடைத்து நின்றுவிட்டது.

"அஞ்சலக்கா, வேர் எங்கே?"

"அறுந்துபூட்டிருக்கும் சாரு. லாரி மண்ணுதான, இளகிக் கெடக்குது. முன்ன மாதிரி கெட்டியாப் புடிக்கல."

"எல்லாத்துக்குமா அறுந்துபோச்சு? வளையம் வேற இருக்கே."

பின்னாலிருந்து கலியபெருமாளின் குரல் வந்தது. தண்ணீர்க் குழாய் இழுப்பவன். எதையும் சிரிக்காமல் சொல்ல அவனுக்கு வராது. "மோதரம் போட்டுகினு வந்திருக்குது சாரு. டவுன்ஷிப் காளான் இல்ல? அது பர்மனென்ட் ஆயிடுச்சி. நாமதான் இன்னும் கான்ட்ராக்ட்."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். "தெக்கத்தி சாருக்குக் காளான்கூட அளந்து பாத்துதான் வாங்கணும்" என்று ஒருத்தி சேர்ந்துகொண்டாள். அஞ்சலை சிரிக்கவில்லை. என் கையிலிருந்த பொட்டலத்தையும் என்னையும் ஒருமுறை பார்த்துவிட்டு மற்றப் பொட்டலங்களைக் கூடையில் அடுக்கப் போனாள். அவள் சொன்ன காரணம் நியாயமாகத்தான் இருந்தது. மண் இளகித்தான் கிடந்தது. நானே கொட்டிய மண். என் பொட்டலத்தைச் சைக்கிள் கூடையில் போட்டுக்கொண்டேன். கலியபெருமாள் தன் பங்கை வீட்டுக்குக்கூடக் கொண்டுபோகவில்லை. சாப்பாட்டு நேரத்தில் சருகைக் கூட்டிக் கொளுத்தி, வாட்டி, உப்பைத் தொட்டுத் தின்றுவிட்டான்.

மதியம் வேறொரு பிளாக்கில் வேலை. சாலை சந்திக்கிற இடத்தில் ஜல்லி கொட்டி உயர்த்தி, வட்டமாக ஒரு புல்தரை போட்டிருந்தோம். அதற்கு வேலி கட்டுவதைப் பார்க்கப் போனேன். புல்லின் நடுவில் தட்டு அகலத்துக்கு ஒரு காளான் விரிந்து நின்றது. அதன்மேல் பழுப்புச் செதில். தண்டில் வளையம். குனிந்து பிடுங்கினேன். அடி பூண்டு போல இருந்தது. கவிழ்த்துப் பார்த்தேன். விசிறி மடிப்பு மாதிரி இருக்கும் அடிப்பக்கம் முழுவதும் பாசி படிந்த குளத்துப் படிக்கட்டின் நிறம். மங்கிய பச்சை.

ஜல்லி மேட்டில் புற்று கிடையாது. அங்கே எந்தக் காலத்திலும் கறையான் குடியிருந்ததில்லை. ஆனால் தோப்பில் போட்ட அதே எருவைத்தான் அங்கேயும் போட்டோம், அதே புல், அதே லாரி. அந்தக் காளான் புற்றைத் தேடி வரவில்லை. எங்கள் எருவோடும் புல்லோடும் பிளாக் பிளாக்காக வந்துகொண்டிருந்தது. வளையத்தோடு சைக்கிள் கூடையில் கிடந்த வெள்ளை மொட்டுகளை எடுத்து அதன் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். அண்ணன் தம்பி மாதிரிதான் இருந்தன. ஆனால் மொட்டின் அடிப்பக்கம் பால் வெள்ளை. ஒரு பச்சைகூட இல்லை.

இங்கே கொஞ்சம் நில்லுங்கள். உங்கள் வேலையில் இந்த இடம் வரும், காளானாக வராவிட்டாலும் வேறு ஏதாவதாக வரும். கையில் பாதி தெரிந்தது, பாதி தெரியாதது. சொன்னால் ஒருத்தியின் ஒரு வருஷத்துச் சந்தோஷத்தைக் கெடுத்தவர் ஆவீர்கள். தப்பாகச் சொல்லிவிட்டால் தோப்பு முழுக்கச் சிரிக்கும். சொல்லாமல் இருந்து, அது தப்பான காளானாகவே இருந்துவிட்டால்?

எங்கள் பிரிவு அதிகாரி அங்கே வேலிக் கம்பிகளை எண்ணிக்கொண்டிருந்தார். குடையை ஊன்றுகோலாகப் பிடித்துக்கொண்டு நிற்கிற, அதிகம் பேசாத மனிதர். அவர் பெயரைச் சொன்னால் அவருக்குப் பிடிக்காது. இரண்டையும் அவரிடம் நீட்டி விஷயத்தைச் சொன்னேன்.

"எனக்கும் தெரியாதுப்பா" என்றார் உடனே. பிறகு, "உனக்கு எவ்வளவு சந்தேகம்?"

"பாதி சார்."

"பாதிச் சந்தேகத்தோட இதை நீ சாப்பிடுவியா?"

"மாட்டேன் சார்."

"உன் அக்கா பிள்ளைக்குக் கொடுப்பியா?"

நான் சைக்கிளைத் திருப்பினேன்.

"அப்ப அது பாதி இல்ல. ஓடு."

தோப்புக்குத் திரும்பியபோது ஷிப்ட் முடிந்து பெண்கள் போயிருந்தார்கள். கேட்டுக்கு வெளியே டீக்கடைப் பெஞ்சில் கலியபெருமாள் மட்டும் கிடந்தான். எருவடிக்கிற லாரியின் டிரைவர் அவன் தலையைப் பிடித்துக்கொண்டிருந்தார். வாந்தி, வாந்தி, இன்னும் வாந்தி. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டான். கண்கள் உள்ளே போயிருந்தன. இருந்தும் என்னைப் பார்த்ததும், "சாரு... அந்த மோதரத்தக் கயட்டிட்டுத் தின்னிருக்கணும்" என்றான். அதற்கு மேல் முடியவில்லை அவனால்.

விரிந்த காளானின் குடையில் பாதியைக் கிழித்து டிரைவரின் சாப்பாட்டுத் தூக்கில் போட்டேன். "ஆஸ்பத்திரிக்கு நேரா விடுங்க. இதைத்தான் சாப்பிட்டான்னு டாக்டர்கிட்ட காட்டுங்க. மத்தியானம் சாப்பிட்டான்னு மறக்காமச் சொல்லுங்க" என்று அனுப்பிவிட்டு மாற்றுமனைக்கு மிதித்தேன். எதிர்க்காற்றும் சேறுமான வழி. வழியெல்லாம் கூரைகளுக்கு மேலே அடுப்புப் புகை எழும்பிக்கொண்டிருந்தது. அந்தப் புகையைப் பார்த்து அவ்வளவு பயந்தவன் அந்த ஜில்லாவிலேயே நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

அஞ்சலை வாசலில் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். சொன்னேன். கேட்டுக்கொண்டே உரித்தாள்.

"அது எங்கியோ ரோட்டுல மொளச்சது சாரு. இது எங்க புத்துல மொளச்சது."

"கலியபெருமாள் ஆஸ்பத்திரிக்குப் போயிட்டான் அக்கா."

கை நின்றது.

"அவன் கண்டதயும் தின்னுவான்..." என்று ஆரம்பித்தாள். முடிக்கவில்லை. விரிந்த காளானில் மிச்சமிருந்ததை அவள் முன்னால் வைத்தேன். எடுத்தாள். அடியைத் தடவிப் பார்த்தாள். முறத்தில் கழுவி வைத்திருந்த மொட்டு ஒன்றை எடுத்து, முதல்முறையாக அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். காலையிலிருந்து அவள் பார்த்தது இடத்தை. இலுப்பையை, கிழக்கை, தன் கொல்லையை. காளானை அப்போதுதான் பார்த்தாள்.

"மூக்கு இல்ல" என்றாள் மெதுவாக.

பிறகு எழுந்த வேகத்தை நான் மறக்க மாட்டேன். வெங்காய முறத்தைத் தட்டிவிட்டு உள்ளே போனவள், ஒரு ஓலைப்பெட்டி நிறைய மல்லாட்டையோடு வெளியே வந்தாள். நிலக்கடலைக்கு அந்தப் பக்கத்தில் அதுதான் பேர். கொடுத்த பங்கை வெறுங்கையோடு போய்த் திருப்பிக் கேட்கக் கூடாதாம். வீடு வீடாக ஏறினாள். "எங்கையால குடுத்தது. தப்பாயிடுச்சி. எடுத்துகினு வா" என்பாள். ஒரு பிடி மல்லாட்டையைப் போட்டுவிட்டு காளானை வாங்கிக் கூடையில் எறிவாள். சில வீட்டில் ஆச்சரியம், சில வீட்டில் முணுமுணுப்பு. "ஆசயாக் கழுவி வச்சிருந்தன் அக்கா" என்று ஒரு பெண் அழவே அழுதாள். எல்லா வீட்டிலும் அவளை நம்பிக் கொடுத்தார்கள். காலையில் எந்தக் கையை நம்பி வாங்கினார்களோ, அதே கையை நம்பி. தெரு எங்கள் பின்னால் திரண்டு வந்தது.

கடைசி வீடு பூங்காவனத்துடையது.

பண்ருட்டியிலிருந்து வரும் முந்திரிக்கொட்டையை வீட்டில் வைத்து உடைக்கிறவள் அவள். அந்தக் கொட்டையின் எண்ணெய் பட்டுப் பட்டு இரண்டு கையும் கறுத்திருக்கும். கணவன் செகண்டு ஷிப்ட் போயிருந்தான். அடுப்பிலிருந்து குழம்பை இறக்கிவைத்து, மூன்று பிள்ளைகளையும் தட்டோடு உட்கார வைத்திருந்தாள். மணம் வாசலுக்கு வந்தது. அவ்வளவு நல்ல மணம். விஷத்துக்கு அப்படி மணக்கும் உரிமையை யார் கொடுத்தது?

"இன்னா சாரு, தெருவே தெரண்டு வந்துகினு இருக்குது?" என்றாள் என்னைப் பார்த்து.

அஞ்சலை வாசற்படிக்கு இந்தப் பக்கமே நின்றாள். "சாரு, அந்தக் கொழம்ப யாரும் தின்ன வேணாம்னு சொல்லுங்க" என்றாள், அவளும் என்னைப் பார்த்து.

"சாரு, குடுத்ததத் திரும்பி வாங்கிகினு போற பழக்கம் எப்பலேர்ந்துன்னு கேளுங்க."

"சாரு, அது நல்ல காளான் இல்லியாம்னு சொல்லுங்க."

"நல்ல காளான் இல்லாதத எதுக்கு எனக்கு அனுப்புனாங்கன்னு கேளுங்க சாரு."

இரண்டு பேருக்கும் நடுவில் நான் தபால்காரன் மாதிரி திரும்பித் திரும்பி நின்றேன். வேறொரு நாளாக இருந்தால் சிரித்திருப்பேன். பச்சைக் காளானைக் காட்டினேன், கலியபெருமாளைச் சொன்னேன். பூங்காவனம் கேட்கவில்லை. அவள் கேட்டுக்கொண்டிருந்தது வேறு ஒன்றை.

"எங்க கொல்லப் புத்துல மொளச்சத அவங்க கையால வாங்கித் தின்னணும்னு எனக்குத் தலையெழுத்து. இப்ப அதயும் புடுங்கிகினு போவ வந்துட்டாங்க. போனா போவுதுன்னு வுட்டா, தெருவக் கூட்டிகினு வராங்க!" என்று சொல்லிக்கொண்டே கரண்டியால் மொண்டு கடைசிப் பிள்ளையின் தட்டில் ஊற்றினாள்.

நான் படியேறினேன். எனக்கு முன்னால் அஞ்சலை ஏறிவிட்டாள். வருஷக்கணக்காக மிதிக்காத வாசலைத் தாண்டி உள்ளே போய், தட்டின் மேல் தன் கையைக் கவிழ்த்து மூடினாள். குழம்பு கொதிசூடு. கையை எடுக்கவில்லை.

"பூங்காவனம்" என்றாள்.

பெயர் சொல்லி அழைத்ததிலேயே பூங்காவனம் பாதி அடங்கிவிட்டாள்.

"அது ஒன்னுதும் இல்ல, என்னுதும் இல்ல. அங்க புத்தே இல்லடி. மிசினு வந்து அத வாரிகினு போனத நாந்தான் நின்னு பாத்தன். அப்பறம் ரெண்டு மழ பேஞ்சிது, ஒண்ணும் மொளைக்கல. இந்த மழைக்கு மொளச்சதும் எம்மனசு நம்பிப்பூட்டுது. வெள்ளையா இருந்திச்சா, நம்பளதுன்னுட்டன்." மூச்சு வாங்கினாள். தெரு முழுக்கக் கேட்டுக்கொண்டிருந்தது. "அங்க நமக்கு ஒண்ணும் இல்ல, பூங்காவனம். புள்ளைங்கள எழுப்பு."

பூங்காவனம் அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். நமக்கு என்ற சொல்லை அவள் காதில் வாங்கியது அவள் முகத்தில் தெரிந்தது. பிறகு பிள்ளைகளின் தட்டுகளை ஒவ்வொன்றாக எடுத்து அடுக்கினாள். முந்தானையால் சட்டியைப் பிடித்துத் தூக்கிக்கொண்டு கொல்லைக்குப் போனாள். பின்னாலேயே மண்வெட்டியோடு அஞ்சலை போனாள். குழி வெட்டி, குழம்பையும் கூடைக் காளானையும் போட்டு மூடிவிட்டு இருவரும் வந்தார்கள். பசியில் அழுத பிள்ளைகளுக்கு அஞ்சலை மிச்ச மல்லாட்டையை உடைத்து உடைத்துக் கொடுத்தாள். உள்ளங்கையில் கொப்புளம் எழும்பியிருந்தது. பூங்காவனம் விளக்கெண்ணெய் எடுத்துவந்து அந்தக் கையைத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

கலியபெருமாள் பிழைத்தான். தின்ற சில மணி நேரத்திலேயே வாந்தி வந்தது நல்லதுக்குத்தான் என்றார் டாக்டர். வெகுநேரம் சும்மா இருந்துவிட்டு மெதுவாக வேலையைக் காட்டுகிற காளான்களும் உண்டாம், அவைதான் ஆளைக் கொண்டுபோகுமாம். ஆனால் அதே காளானைச் சின்னப் பிள்ளைகள் தின்றிருந்தால் தன்னால் உறுதி சொல்லியிருக்க முடியாது என்றும் சொன்னார். நான் மறுநாள் வார்டுக்குப் போனபோது குளுக்கோஸ் ஏறிக்கொண்டிருந்தது. "நம்பளையும் கட்டில்ல படுக்க வச்சிட்டாங்க சாரு. இனிமே பர்மனென்ட்தான்" என்றான்.

அந்த ஐப்பசிக்குப் பிறகு நான் எத்தனையோ புல்வெளிகளைப் போட்டேன். எத்தனையோ செடிகளைச் சரியாகவும் தப்பாகவும் இனம் கண்டிருக்கிறேன். இடம் ஒரு பொருளுக்கு முகவரி கொடுக்கும், முகம் கொடுக்காது. இதுதான் நான் கற்றது. மரம் அதே மரமாக இருக்கும், திசை அதே திசையாக இருக்கும். அடியில் இருக்கிற மண் வேறாகியிருக்கும். முகத்தைப் பார்க்க வேண்டுமானால் மொட்டைப் பார்த்து முடிவு கட்டாதீர்கள். எல்லா மொட்டும் வெள்ளைதான். கூட்டத்தில் மூத்ததைத் தேடுங்கள், அது அங்கே இல்லாவிட்டால் அடுத்த தெருவில் தேடுங்கள். அப்படியும் தெரியாவிட்டால் தெரியாது என்று சொல்லுங்கள், ஆனால் அடுப்பு மூட்டுவதற்கு முன்னால் சொல்லுங்கள். அந்த அதிகாரி தனக்குத் தெரியாது என்று சொல்ல எடுத்துக்கொண்டது ஒரு மூச்சு நேரம். நம்மில் பலருக்கு அதற்கு முழு சர்வீஸும் பிடிக்கிறது.

அந்த மறுநாள் ஆஸ்பத்திரியிலிருந்து நான் தோப்புக்குப் போனபோது வெயில் ஏறியிருந்தது. அஞ்சலையோடு பூங்காவனமும் வந்திருந்தாள். வேலைக்கு இல்லை, சும்மா. நிலம் போனதிலிருந்து அவள் அந்தப் பக்கம் கால் வைத்ததே இல்லையாம். கட்டுப் போட்ட கையால் அஞ்சலை மூன்றாவது இலுப்பைக்குக் கிழக்கே காட்டினாள். புல்லில் பிடுங்கின இடங்கள் சின்னச் சின்னக் குழிகளாகத் தெரிந்தன.

பூங்காவனம் அந்தக் குழிகளைக் குனிந்து பார்த்தாள். மரத்திலிருந்து அடி வைத்து நடந்தாள். நின்றாள். திரும்பி இன்னொரு மரத்திலிருந்து நடந்தாள்.

"இது எங்க பக்கம்" என்றாள்.

"போடி இவளே, ஒங்க மாட்டுக்கொட்டாயே அங்கதான இருந்திச்சி, அந்த ஓரத்துல."

"மாட்டுக்கொட்டா இங்க. நீதான் மறந்துபூட்ட. அங்க இருந்தது ஒங்க வைக்கப்போரு."

"யாரு மறந்தது? வா, நின்னு காட்டறன்."

அஞ்சலை ஒரு மூலைக்கு நடந்தாள், பூங்காவனம் எதிர் மூலைக்கு. வீடு இருந்த இடத்தின் நான்கு பக்கத்தையும் இரண்டு பேரும் சத்தம் போட்டுக்கொண்டே நடந்து காட்டினார்கள். சுவர் இங்கே, வாசல் இங்கே, அம்மி இங்கே. ஈரப் புல் அவர்கள் காலுக்குக் கீழே மடங்கி மடங்கிப் படுத்தது. குழாய் மடையை மாற்ற வந்த பூங்காக் காவல்காரர் என் பக்கத்தில் வந்து நின்றார்.

"இன்னா சாரு, புது புல்ல இப்பிடி மெதிச்சிகினு இருக்காங்க, பாத்துகினு நிக்கிறீங்களே?"

"மிதிக்கட்டும்" என்றேன். "தண்ணியை அந்தப் பக்கம் திருப்பிவிடுங்க."